தொடக்கப் பள்ளிகளில் ஓவியமும் கைவினையும்

இரண்டு முக்கோண மலைகள். அவற்றின் இடையே அரைவட்டமாய் எழும் சூரியன். மலையடிவாரத்திலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஓட்டு வீடு, அருகே ஒரு தென்னை. வானத்தில் சரி அடையாளம் போன்ற நான்கு பறவைகள். நம் நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளைப் படம் வரையச் சொன்னால், மாநில வேறுபாடின்றிப் பெரும்பாலும் கிடைப்பது இக்காட்சியே. மலையைக் கண்டிராத கங்கைச் சமவெளிக் குழந்தையும், தென்னையைக் கண்டிராத இராஜஸ்தான் குழந்தையும் இதையே வரைகின்றன. தன் ஊரை, தன் தெருவை, தன் வீட்டு ஆட்டை வரையும் குழந்தையைக் காண்பது அரிது.

இப்படம் குழந்தையின் மனத்தில் பிறந்ததன்று. கரும்பலகையிலிருந்து இறங்கி வந்தது. ஆசிரியர் வரைகிறார், முப்பது குழந்தைகள் பார்த்து வரைகின்றனர், முப்பது குறிப்பேடுகளிலும் ஒரே மலை எழுகிறது. ஓவிய வகுப்பு நடைபெற்றதாகப் பதிவேட்டில் குறிக்கப்படுகிறது. குழந்தை எதையேனும் உற்றுநோக்கிற்றா, எதையேனும் தானே தீர்மானித்ததா என்ற வினா எழுவதேயில்லை. தொடக்கக் கல்வியில் கலைக்கு இடமில்லை என்று பொதுவாகக் கூறப்படும் குறை முழு உண்மையன்று. இடம் உண்டு, அந்த இடத்தில் நடைபெறுவது கலையா என்பதே ஆராயத்தக்கது.

பார்த்து வரையும் மரபு

இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1850-இல் சென்னையிலும், 1854-இல் கல்கத்தாவிலும், 1857-இல் பம்பாயிலும் தொடங்கப்பெற்ற கலைப் பள்ளிகளின் முதன்மையான நோக்கம், திறமையான கைவினைஞர்களையும் வரைபடம் தீட்டுவோரையும் உருவாக்குவதாகவே இருந்தது. மாதிரியைப் பிழையின்றிப் படியெடுக்கும் கையே சிறந்த கை எனக் கருதப்பட்டது. பள்ளிகளுக்குள் ஓவியம் நுழைந்தபோதும் அதே அளவுகோலுடன்தான் நுழைந்தது. நேர்கோடு, வளைகோடு, குவளை, இலை என்ற வரிசை பல தலைமுறைகளுக்கு மாறாமல் நீடித்தது.

இதற்கு மாற்றான எண்ணம் இரு திசைகளிலிருந்து வந்தது. இரவீந்திரநாத் தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் தொடங்கிய பள்ளியில் இசையும் ஓவியமும் நாடகமும் பாடங்களுக்குப் புறம்பானவையாகக் கருதப்படவில்லை. 1919-இல் அங்கு கலாபவனம் நிறுவப்பட்டு, நந்தலால் போஸின் வழிகாட்டுதலில் வளர்ந்தது. மறுபுறம், 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து, டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டத்துக்குப் பாடத்திட்டம் வகுத்தது.

அக்குழு அளித்த நேரப்பங்கீடு இன்றும் கருத்தூன்றிப் படிக்கத்தக்கது. நாளொன்றுக்கு 5 மணி 30 நிமிடப் பள்ளி நேரத்தில் அடிப்படைக் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். இசை, ஓவியம், கணிதம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். கைத்தொழிலின் விளைபொருளைக் கொண்டு ஆசிரியர் ஊதியத்தை ஈடுசெய்யலாம் என்ற எதிர்பார்ப்பு அத்திட்டத்தில் இருந்தது. நூற்ற நூலைக் கணக்கிட முடியும், விற்கவும் முடியும்; குழந்தை வரைந்த படத்தை அவ்வாறு செய்ய இயலாது. எனவே கை முதன்மை பெற்ற அத்திட்டத்திலும் கற்பனைக்குக் கிடைத்தது கணிதத்தோடு பங்கிட்டுக்கொண்ட ஒரு சிறு கூறுதான். அளக்க முடிவதற்கே நேரம் ஒதுக்கும் வழக்கம் திட்டமிடுவோருக்கு நெடுநாளாகவே உண்டு போலும்.

எனினும் இவ்விரு மரபுகளும் சந்தித்த தருணங்கள் உண்டு. 1938-இல் ஹரிபுராவில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டுக்காகக் காந்தியடிகளின் விருப்பப்படி நந்தலால் போஸ் சுவரொட்டி ஓவியங்களைத் தீட்டினார். கையால் செய்த காகிதத்தில், மண்வண்ணங்களைக் கொண்டு, உழைக்கும் மக்களையும் இசைவாணர்களையும் அவர் வரைந்தார். கலாபவனத்தில் பயின்ற தேவி பிரசாத் 1944-இல் சேவாகிராமம் சென்று அங்கிருந்த பள்ளிக் குழந்தைகளுக்குக் கலையாசிரியராகப் பணியாற்றினார். அந்த அனுபவத்தின் அடிப்படையில் அவர் எழுதிய நூல், குழந்தைக் கலை பற்றி நம் நாட்டில் எழுந்த மிகச் சிறந்த ஆக்கங்களில் ஒன்று. குழந்தைக்கு வரையக் கற்றுக்கொடுப்பதைவிட, அது வரைவதற்கு ஏற்ற சூழலை அமைப்பதே ஆசிரியரின் கடமை என்பது அவர் பணியிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

ஆவணங்களும் நேரமும்

விடுதலைக்குப் பின்னர் வந்த ஆவணங்களில் கலைக்கல்வி விடுபட்டதேயில்லை. 1966-இல் அறிக்கை அளித்த கோத்தாரி கல்விக் குழு கலைக்கல்வியின் புறக்கணிப்பைச் சுட்டிக்காட்டியது. 1975-ஆம் ஆண்டின் பத்தாண்டுப் பள்ளிக்கான பாடத்திட்ட வடிவமைப்பும், 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதற்கு இடமளித்தன. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலை கட்டாயப் பாடமாக வேண்டும் என்று வலியுறுத்தியது. 2019-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் வகுப்பொன்றுக்கு வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பாடவேளைகளைக் கலைக்கு ஒதுக்கப் பணித்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பிற பாடங்களைக் கலையின் வழியே கற்பிப்பதை ஊக்குவிக்கிறது. ‘கலைத்திட்டம்’ என்னும் சொல்லிலேயே கலை இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வகுப்பறைக்கு வரும்போது அந்தச் சொல்லில் திட்டம் மட்டுமே எஞ்சுகிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணைப்படி, கலைக்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநர் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, அதுவும் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பயிலும் பள்ளிகளில் மட்டுமே உரியவர். முதல் ஐந்து வகுப்புகளுக்குத் தனிக் கலையாசிரியர் கிடையாது. அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு அச்சட்டம் இரண்டு ஆசிரியர்களை வகுத்துள்ளது. அதாவது, ஐந்து வகுப்புகளையும் எல்லாப் பாடங்களையும் நடத்தும் அந்த இருவரே கலையாசிரியர்களும் ஆவர். கற்பனைத் திறன் மிக வேகமாக மலரும் ஆறு முதல் பத்து வயதில், கலையின் முழுப் பொறுப்பும் வகுப்பாசிரியரிடமே விடப்பட்டிருக்கிறது.

நேரக் கணக்கையும் காணலாம். முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 பள்ளி நாட்களும் 800 கற்பித்தல் மணிகளும் சட்டத்தில் குறிக்கப்பட்டுள்ளன. வாரத்துக்கு ஐந்து நாட்கள் என்று கொண்டால் 40 வாரங்கள். வாரத்துக்கு 40 நிமிடப் பாடவேளைகள் இரண்டைக் கலைக்கு ஒதுக்கினால் ஆண்டுக்கு 53 மணி 20 நிமிடம். மொத்த நேரத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. எழுத்தறிவும் எண்ணறிவும் பின்தங்கியுள்ள பள்ளியில் இந்தப் பதினைந்தில் ஒரு பங்கும் ஆடம்பரம் என்று கூறுவோர் உளர். அவர்களின் கவலை நியாயமானது. ஆனால் அந்நேரம் மொழிக்கும் கணக்கிற்கும் எதிராகச் செலவாகிறதா, அவற்றுக்குத் துணையாகச் செலவாகிறதா என்பது, அந்த 40 நிமிடங்களில் என்ன செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

குழந்தையின் கோட்டில் உள்ள செய்தி

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய விக்டர் லோவன்ஃபெல்ட், 1947-இல் வெளியிட்ட நூலில் குழந்தை ஓவியத்தின் வளர்ச்சிப் படிகளை விளக்கினார். இரண்டு முதல் நான்கு வயது வரை கிறுக்கல். நான்கு முதல் ஏழு வரை வட்டத் தலையும் குச்சிக் கால்களுமாக மனித உருவம் தோன்றும் பருவம். ஏழு முதல் ஒன்பது வரை ஒவ்வொரு பொருளுக்கும் குழந்தை தனக்கென ஒரு வடிவத்தை நிலைநிறுத்திக்கொள்ளும் பருவம். அதன்பின் கண்ணால் காண்பதுபோல் வரைய விரும்பும் பருவம். வயது வரம்பு குழந்தைக்குக் குழந்தை மாறுபடும். வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை.

இதனை அறிந்த ஆசிரியர், ஏழு வயதுச் சிறுமி வீட்டுச் சுவரை வரைந்து, சுவருக்குள்ளே அடுப்பையும் பாயில் உறங்கும் தம்பியையும் தெரியும்படி வரைந்தால், “சுவருக்குள் இருப்பது தெரியாதே” என்று திருத்தமாட்டார். அவள் கண்ணால் கண்டதை வரையவில்லை. தான் அறிந்ததை வரைகிறாள். தாயின் உருவம் வீட்டைவிடப் பெரிதாக இருப்பதும் பிழையன்று. படத்தின் அடியில் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் நேர்கோடு, பொருள்களுக்கு இடையே உள்ள உறவைக் குழந்தை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறி. எழுத்துகளை வரிசையாக எழுதவும் அதே ஒழுங்கு தேவை. பள்ளி மொழி வேறாகவும் வீட்டு மொழி வேறாகவும் உள்ள பழங்குடிப் பகுதிகளில், புதிதாகச் சேர்ந்த குழந்தை ஆசிரியரிடம் முதலில் ‘பேசுவது’ படத்தின் வழியாகத்தான் இருக்க முடியும். அந்த ஒரு வாய்ப்பையும் இரண்டு முக்கோண மலைகள் மறைத்துவிடுகின்றன.

கைக்கெட்டிய பொருள்கள்

வண்ணப் பெட்டியும் வெள்ளைத்தாளும் இல்லாமையே கலை வகுப்பு நடவாமைக்குக் காரணம் எனப் பெரும்பாலும் கூறப்படுகிறது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ், கற்பித்தல் பொருள்களுக்காக ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது. முப்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் அது குழந்தைக்கு 17 ரூபாய்கூட ஆகாது. கடைப்பொருளை நம்பினால் அத்தொகை ஒரு மாதத்துக்கும் போதாது என்பது உண்மையே. ஆனால் மண்ணுக்கும் இலைக்கும் கரிக்கும் விலை இல்லை.

செம்மண்ணை உலர்த்தி இடித்து நீரில் கலக்கி, கசடு அடியில் தங்கியபின் மேல்நீரை வேறு பாத்திரத்தில் தெளியவிட்டால் மைபோன்ற வண்டல் கிடைக்கும். அதனுடன் நீரில் கரைத்த வேப்பம்பிசின் அல்லது கருவேலம்பிசினைச் சேர்த்தால், தாளில் ஒட்டி நிற்கும் வண்ணம் ஆயிற்று. பிசின் கிடைக்காத ஊரில் புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை உதவும். ஒடிசாவின் ரகுராஜ்பூர் பட்டச்சித்திரக் கலைஞர்கள் துணியைப் பதப்படுத்துவதும் புளியங்கொட்டைப் பசையால்தான். கறுப்புக்கு அடுப்புக்கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு, நீலத்துக்குச் சலவை நீலம். மூங்கில் குச்சியின் நுனியை நசுக்கினால் தூரிகை. மகாராஷ்டிரத்தின் வார்லி மக்கள் அரிசிமாவுக் குழைவைக் கொண்டு சுவரில் ஓவியம் தீட்டுவதும் அத்தகைய குச்சியால்தான்.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாகிறது. அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகிறது. இதை ஒருமுறை தன் கையால் செய்த குழந்தை ‘ஏன்?’ என்று கேட்கும். அமிலமும் காரமும் பற்றிய பாடம் அந்த வினாவில் தொடங்குகிறது. மஞ்சள் தீட்டிய தாளைச் சில நாட்கள் வெயிலில் வைத்தால் நிறம் மங்கிவிடும் என்பதையும், செம்மண் அவ்வாறு மங்காது என்பதையும் குழந்தைகள் தாமே கண்டறியலாம்.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் பெரும்பாலும் ஐந்துமுனை விண்மீன் தோன்றும். வரிசையாக ஒற்றி முனைகளை எண்ணினால் ஐந்தாம் வாய்ப்பாடு தாளில் விரிகிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக வெங்காய வளையத்தையும் சேர்த்தால் அடுக்கமைவு பற்றிய பயிற்சி. இலையின் அடிப்புறத்தின்மேல் தாளை வைத்துக் கரியால் தேய்த்தால் நரம்பு ஒவ்வொன்றும் பதிகிறது; அரசிலையின் வலைநரம்பும் மூங்கிலிலையின் இணைநரம்பும் வேறுவேறு என்பதைச் சொல்லித்தர வேண்டியதேயில்லை. களிமண்ணோ ஒரு நாள் ஊறவைத்துக் கல் நீக்கிப் பிசைந்தால் போதும். சுடாத உருவங்கள் உலர்ந்தபின் மீண்டும் ஊறவைத்தால் அதே மண் மறுபடி கிடைக்கும். பொருளியல் நோக்கில் இதைவிடச் சிக்கனமான மூலப்பொருள் வேறொன்று இல்லை. பழந்தாளை ஊறவைத்து வெந்தயத்துடன் இடித்துக் கூடை செய்வது தமிழ்நாட்டு இல்லங்களில் பழகிய கைவேலை. அதே கூழை ஒரு பானையின் வெளிப்புறத்தில் அப்பி உலரவிட்டால் முகமூடி. பழந்துணி சேர்த்தால் கைப்பாவை. தன் முகம் காட்டிப் பேசத் தயங்கும் குழந்தை, பாவையின் பின்னால் நின்று தயங்காமல் பேசுவதை ஆசிரியர்கள் நன்கறிவர். 1979-இல் புதுதில்லியில் அமைக்கப்பெற்ற பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் ஆசிரியர்களுக்குப் பாவைக் கலையில் பயிற்சி அளித்து வருவதும் இதனால்தான்.

வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்யத்தக்க பணிகளுள் ஊர்ப்படம் தலைசிறந்தது. செய்தித்தாள்களை ஒட்டி அகலமான ஒரு பரப்பை உண்டாக்கித் தரையில் விரிக்கவேண்டும். நடுவே பள்ளி. ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டையும், வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியையும், வழியில் தான் காண்பவற்றையும் வரைகிறது. யார் வீடு அருகில், யார் வீடு தொலைவில் என்ற விவாதம் எழும்; அடிகளால் அளந்துவரச் சொன்னால் அளவுமுறை நுழைகிறது. எந்தக் குழந்தை இருப்புப்பாதையைக் கடந்து வருகிறது, எந்தக் குழந்தை பள்ளிக்குமுன் குழாயடிக்குச் சென்று வருகிறது என்பதையெல்லாம் ஆசிரியர் அன்றுதான் அறியக்கூடும். ஊராட்சி வளர்ச்சித் திட்டம் வகுப்போரும் அப்படத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இத்தகைய முயற்சிகள் நம் நாட்டில் புதியனவல்ல. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் கைக்கெட்டிய பொருள்களைக் கொண்டே சோதனைகளை அமைத்தது. தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வுக் குழாயையும் கொண்டு அரவிந்த் குப்தா உருவாக்கிய மாதிரிகள் அதன் விளைவு. 1985 முதல் போபாலிலிருந்து வெளிவரும் ‘சக்மக்’ குழந்தைகள் இதழ், குழந்தைகளின் படங்களைத் திருத்தாமல் வெளியிட்டு வந்துள்ளது. தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், குழந்தையின் உயரத்துக்கேற்பத் தாழ்வான கரும்பலகையும், படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும் வகுப்பறையில் இடம்பெற்றன. கரும்பலகை ஆசிரியர் கையிலிருந்து குழந்தையின் கைக்கு இறங்கியது சிறிய மாற்றமன்று.

நிர்வாகத்தில் உள்ள முடிச்சு

1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்ட பொருள்களில் விளையாட்டுக் கருவிகளோடு இசைக் கருவிகளும் இருந்தன. அவற்றில் பல பெட்டியைவிட்டு வெளிவரவில்லை என்பது அத்திட்டத்தைப் பற்றி எழுதியோர் பலரும் குறிப்பிட்ட செய்தி. உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சமே காரணம். இருப்புப் பதிவேட்டில் பொருள் குறையாமல் இருப்பதே நல்ல நிர்வாகம் என்ற மனப்பான்மை கலைக்கு முற்றிலும் பகையானது. வண்ணமும் தாளும் பசையும் தீர்ந்துபோக வேண்டிய பொருள்கள். ஆண்டு இறுதியில் அவை எஞ்சியிருந்தால் அதுவே தணிக்கையில் சுட்டிக்காட்டத்தக்க குறை. தலைமையாசிரியர் தம் பொறுப்பில் சிறு தொகையை நுகர்பொருள்களுக்குச் செலவிட விதிகள் தெளிவாக இடமளிப்பது, புதிய திட்டம் ஒன்றை அறிவிப்பதைவிடப் பயனளிக்கும்.

ஆசிரியர் பயிற்சியில் கலைக்கல்வி இடம்பெற்றுள்ளது. ஆனால் பயிற்சி பெறுவோர் அங்கும் அட்டைகளில் அழகிய படங்களைத் தயாரித்து மதிப்பெண் பெறுகின்றனரே தவிர, குழந்தையின் படத்தைப் படிக்கப் பழகுவது குறைவு. ஆசிரியர் நன்றாக வரைபவராக இருக்கவேண்டியதில்லை. உண்மையில் நன்றாக வரையும் ஆசிரியரைப் பார்த்துக் குழந்தைகள் படியெடுக்கும் ஆபத்து அதிகம்.

உள்ளூர்க் கலைஞர்களைப் பள்ளிக்கு அழைக்க 2020-ஆம் ஆண்டுக் கொள்கை வழிசெய்துள்ளது. வரவேற்கத்தக்க இம்முயற்சியில் ஓர் எச்சரிக்கை தேவை. 1953-இல் சென்னை மாநிலத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வகைசெய்த திட்டம் கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி 1954-இல் கைவிடப்பட்டது. குயவர் வகுப்பறைக்கு ஆசிரியராக வரவேண்டும். எல்லாக் குழந்தைகளின் கையிலும் களிமண் படவேண்டும். குயவர் வீட்டுக் குழந்தையிடம் மட்டும் பானை செய்யச் சொல்வது கலைக்கல்வியாகாது.

போட்டிகள் பற்றியும் ஒரு சொல். ஓவியர் சங்கர் 1949-இல் தொடங்கிய குழந்தைகள் ஓவியப் போட்டி பின்னர் உலகளாவியதாக வளர்ந்து, குழந்தைக் கலைக்கு நாட்டில் மதிப்பைத் தேடித்தந்தது. ஆனால் ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு வாரமும் பரிசு வழங்கத் தொடங்கினால், பரிசு பெற்ற படமே அடுத்த வாரம் முப்பது குறிப்பேடுகளிலும் தோன்றும். ஆறு வயதுக் குழந்தையின் படத்துக்குப் பத்துக்கு ஏழு என்று மதிப்பெண் இடுவதில் பொருளில்லை. மாற்று வழி எளியது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பழைய செய்தித்தாள் உறை. மாதம் ஒரு படம், பின்புறத்தில் தேதியும், படத்தைப் பற்றிக் குழந்தை சொன்ன ஒரு வாக்கியமும். கல்வியாண்டின் முதல் மாதத்துப் படத்தையும் இறுதி மாதத்துப் படத்தையும் அருகருகே வைத்தால், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் தம் பிள்ளை அவ்வாண்டில் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறது என்பதைத் தாமே பார்த்துக்கொள்ளலாம்.